தோளில் பட்ட கம்பு

என் மகள் ரேணுகா வெண்கல மெடல் வாங்கியது உண்மை. பேப்பரில் போட்டோ வந்ததும் உண்மை. போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததில் பாதி பொய். கண் தெரியாத மகளுக்கு எஸ்டேட் குளத்தில் அப்பாவே நீச்சல் சொல்லிக்கொடுத்தாராம். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் மூச்சு முட்டும். எழுதியவன் என்னை வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குப் பிடித்ததைத்தான் எழுதியிருப்பான்.

என் பெயர் தங்கையா. சிலோனில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். ஒப்பந்தம் என்று சொல்லி எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து கூடலூரை அடுத்த இந்தச் சேரங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைப் பெட்டிகள் மேல் தகடு வைத்து மையடித்து எழுத்துப் போடுவது என் வேலை. பாதிப் பெட்டிகளுக்கு ரஷ்யாக்காரன் எழுத்து. நம் எழுத்தும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. சிலது தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். படிக்கத் தெரியாமலேயே ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன்.

அப்புறம் விலை விழுந்தது. ஏன் விழுந்தது என்று கேட்டால் யூனியன்காரன் ஒன்று சொன்னான், மேனேஜர் ஒன்று சொன்னார். இரண்டு பேரும் ஒத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான். அதை மட்டும் நான் நம்பினேன், அந்தத் தகடுகள் மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். வாரம் முழுக்க இருந்த வேலை பாதியானது. பிறகு சின்ன விவசாயிகளிடம் வெளி இலை வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை. மறுநாளும் ஊதவில்லை. ஃபேக்டரி மூடியது எங்களுக்கு அப்படித்தான் தெரியும். யாரும் வந்து சொல்லவில்லை.

லயத்தில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள். என் மனைவி தெய்வம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போனாள். தீபாவளிக்கு வருவாள், போவாள். என்னை மூடிய ஃபேக்டரிக்கு வாட்ச்மேனாக வைத்தார்கள். உள்ளே திருட ஒன்றும் இல்லை. ஆனால் வாட்ச்மேனாக இருக்கும் வரைக்கும் லயத்து ரூம் இருக்கும். வேலை போனால் ரூமும் போகும். அதனால் இருந்தேன்.

ரேணுகாவுக்குச் சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் தட்டுத்தடுமாறும். பிறகு பகலிலும். பதினோரு வயதில் முழுக்கப் போய்விட்டது. கோயமுத்தூரில் கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் ஸ்கூலில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டோம். அங்கே நீச்சல் குளம் உண்டு. தண்ணீரில் தள்ளிவிட்டார்கள், நீந்தினாள். அவ்வளவுதான் கதை. சொல்லிக்கொடுத்தவர் சின்னராஜ் என்ற பி.டி. சார். கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான். மெடல் என்றால் மட்டும் கொஞ்சம் வாயில் தண்ணீர் ஊறும்.

எங்கள் ஃபேக்டரிக்கு மேலே கருங்கல் கட்டிய பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தண்ணீரை இறக்கிக் கரண்ட் எடுத்தார்களாம். ஃபேக்டரி ஓடும்போது யாரையும் கிட்டே விடமாட்டார்கள். மூடிய பிறகு கேட்க ஆள் இல்லை, நான்தான் கேட்க வேண்டிய ஆள். லீவுக்கு வந்தவள் ஒரு மத்தியானம் அதில் இறங்கி, எதிர்ச் சுவரில் முட்டி, நெற்றி கிழிந்து ரத்தத்தோடு வந்தாள். போகாதே என்றேன். மறுநாள் கட்டுப் போட்ட நெற்றியோடு போனாள்.

அதனால் கம்பு எடுத்தேன். வேறு வழியில்லை.

கொழுந்து பறிக்கிற பெண்கள் செடிமேல் குறுக்கே வைத்து மட்டம் பார்க்க ஒரு கம்பு வைத்திருப்பார்கள். அது குட்டை. அதே மூங்கிலில் ஆள் நீளத்துக்கு ஒன்று வெட்டினேன். கொழுந்துக்குப் போகும்போது தெய்வம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்து நுனியில் பந்து மாதிரி சுற்றிக் கட்டினேன். சுவர் ஓரம் நிற்பேன். அவள் கிட்டே வந்ததும் தோளில் ஒரு தட்டு. கையை நீட்டிச் சுவரைத் தொடுவாள், திரும்புவாள். லீவு முழுக்க இதே வேலை.

சின்னராஜ் சார் ஒரு தடவை எஸ்டேட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்ணா, இதுக்கு வெளிநாட்டுல ஆளே தனியா வெச்சிருக்கறாங்க. டேப்பர்னு பேரு. நீங்க பாட்டுக்கு இங்க காட்டுக்குள்ள நின்னு பண்ணீட்டு இருக்கறீங்க!"

"கம்புதானே சார். இதுக்கு என்ன பேரு வேண்டிக் கெடக்கு?"

"ஆனா தோள்ல தட்டாதீங்ணா. தோளு அப்படியும் இப்படியும் உருளும். தலைல தட்டோணும். தலைதான் நேரா வரும்."

"அது ஆகாது."

"ஏனுங்க?"

நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். சிலோனில் என் அம்மாவை ஒரு கங்காணி முத்தின இலை பறித்தாள் என்று அவள் கையிலிருந்த மட்டக்கம்பைப் பிடுங்கி உச்சந்தலையில் அடித்தான். நான் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அந்தக் கம்பை லயத்துக்குக் கொண்டுவந்து முறித்து அடுப்பில் வைத்தாள். எங்கள் லயத்தில் அது வழக்கம். பெண் தலையில் கம்பு படக் கூடாது. பட்டால், தெரியாமல் பட்டிருந்தாலும், அந்தக் கம்பை முறித்து அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் கோலாட்டக் கம்பு பட்டதற்குக்கூட எரித்திருக்கிறார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பு. ரேணுகாவுக்கும் சிரிப்புத்தான். "அதெல்லாம் சிலோன் காலத்துக் கதைப்பா" என்பாள். கதையோ இல்லையோ, என் கை தோளுக்குத்தான் போகும்.

சார் ஸ்கூல் குளத்தில் அவள் தலையில் தட்டினார், அவர் கம்பை நான் எரிக்கவா முடியும்? நான் தொட்டியில் தோளில் தட்டினேன். அவளுக்கு இரண்டும் பழகிவிட்டது.

பள்ளிக்கூடம் முடிந்து காலேஜுக்குப் போனாள். மாவட்டம், மாநிலம் என்று போய், அகில இந்திய அளவில் கண் தெரியாத பெண்களில் முதலாவதாக வந்தாள். சால்வை போட்டார்கள். மேடையில் இருந்த ஒருவர் வேலை என்றார், இன்னொருவர் வீடு என்றார். இறங்கியதும் இரண்டு பேரையும் காணோம். ஒரு சர்க்கார் கம்பெனி மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னது. வெளிநாட்டுக்காரர்களோடு போட்டியிட்டு மூன்று இடத்துக்குள் வந்தால் கோயமுத்தூர் ஆபீசில் டெலிபோன் போர்டில் நிரந்தர வேலை. அதை நான் நம்பவில்லை. ரேணுகா நம்பினாள். அந்த வருஷம் ஃபேக்டரி மிஷின்களைக் கழற்றி விற்கப் போவதாகப் பேச்சு வந்தது. மிஷின் போனால் வாட்ச்மேன் எதற்கு? அதனால் நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வரும் போட்டி பெங்களூரில் நடந்தது. கூடலூர், மைசூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். கம்பை பஸ் மேல் கட்டினேன். கண்டக்டர், "என்னா பெரியவரே, மீன் புடிக்கவா?" என்றான். ஆமாம் என்றேன்.

அங்கே எனக்கும் சின்னராஜ் சாருக்கும் கழுத்தில் தொங்கவிட ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால்தான் குளத்து ஓரத்தில் கம்போடு நிற்கலாம். ஒரு நீளத்துப் போட்டிதான். ஒரு முனையில் குதித்து மறு முனையைத் தொட வேண்டும், தட்டுகிறவன் அந்த மறு முனையில் நிற்பான். எல்லோருக்கும் கறுப்படித்த கண்ணாடி மாட்டினார்கள். கண் தெரியாதவர்களுக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று கேட்டேன். யாருக்காவது கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தாலும் அது உதவக் கூடாதாம். வந்த இடத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். யார் பேச்சையும் நம்பாத ஏற்பாடு.

முதல் நாள் தகுதிச் சுற்று. முதல் இரண்டு பேர் எட்டாத தூரம். நான்காவது ரேணுகா. மூன்றாவதாக வந்தவள் உயரமான ஒரு பெண், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தோள் ஆண்பிள்ளை மாதிரி. அவளுக்கும் ரேணுகாவுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு. அவள் ஸ்வெட்டர் முதுகில் எழுத்து இருந்தது. பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். பெட்டியில் நான் அடித்த எழுத்து.

"ரஷ்யாக்காரி" என்றேன்.

"உக்ரைனுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் தமிழில் சொன்னார். டாக்டர் சில்வெஸ்டர். குன்னூர்க்காரர். அந்தக் காலத்தில் அங்கே ஒடெசா என்ற ஊரில் டாக்டருக்குப் படித்தவர், இப்போது பெங்களூரில் இருக்கிறார். அந்த நாட்டு ஆட்களுக்குப் பேச்சு மாற்றிச் சொல்ல வந்திருந்தார். "அப்ப எல்லாம் ஒரே நாடுங்க. இப்ப வேற வேற."

"டீ குடிச்சது எல்லாரும்தானே?"

"நம்ம தூளுதாங்க குடிச்சாங்க. நானும் அதைக் குடிச்சுத்தான் அங்க பாஸ் பண்ணுனேன்."

சாயங்காலம் கேன்டீனில் எல்லோரும் ஒரே மேஜை. அவள் பெயர் ஹலினா. பக்கத்தில் அவளுடைய கோச், தாடி வைத்த கிழவர், அவளுக்குக் கம்பு பிடிப்பவர் அவர்தான். கோச் பச்சைமிளகாய் பஜ்ஜியை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தார். நான் சில்வெஸ்டரிடம் சொன்னேன்:

"எதுக்கு எங்க டீய வாங்காம விட்டீங்கன்னு கேளுங்க."

"ஐயோ, விடுங்க பெரியவரே."

"கேளுங்க. எங்க ஃபேக்டரிய மூடினது இவங்கதான்."

"அப்பா!" என்றாள் ரேணுகா.

சில்வெஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஹலினா சிரிக்காமல் நிறையப் பேசினாள். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அந்த வருஷங்கள்ல எங்களுக்குச் சம்பளமே வரலைங்கறாங்க. கடையில டீத்தூள் இருந்தா விலை குடுக்க முடியாது. காய்ஞ்ச ஆப்பிள் தோலக் கொதிக்க வெச்சுக் குடிச்சோம். நீச்சல் குளத்தச் சூடு பண்ணக் கரண்ட் இல்லைன்னு தண்ணியத் தொறந்து விட்டுட்டாங்க. நான் கடல்ல போயி நீந்துனேன். அப்ப எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். கரை வெள்ளையாத் தெரியும், அதப் பார்த்துத் திரும்பி வருவேன்."

கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் பிரிவில் அவள் நிறைய நாடுகளுக்குப் போய் நிறைய மெடல் வாங்கியிருக்கிறாள். தங்கமும் உண்டாம். முப்பது வயதுக்கு மேல், இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

"நீந்தறது மறக்கலையாம். கம்ப நம்பறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆச்சாம். சுவரு வந்துருச்சு வந்துருச்சுன்னு பயந்து பாதியிலயே கை நின்னுக்குமாம். இதுதான் கடைசிப் போட்டிங்கறாங்க. ஊருக்குப் போனா ஒரு ஆஸ்பத்திரில மசாஜ் பண்ற வேலை இருக்குதாம்."

"மெடல் வாங்கினாத்தான் அந்த வேலையா?" என்று ரேணுகா கேட்டாள்.

"இல்லையாம். வாங்காட்டியும் உண்டாம்."

"அப்ப நாளைக்கு நான் தாண்டிப் போயிடுவேன்னு சொல்லுங்க டாக்டர்."

அவர் சொன்னார். ஹலினா மேஜைமேல் கையைத் துழாவி ரேணுகாவின் கையைப் பிடித்து என்னவோ சொன்னாள். சில்வெஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தாண்டிக்க, ஆனா சத்தமில்லாமத் தாண்டுங்கறாங்க. உன் காலு தண்ணிய அடிக்கறது துணி தொவைக்கற மாதிரி இருக்குதாம். காது வலிக்குதாம்."

ரேணுகா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஆப்பிள் தோல் விஷயத்தை நம்புவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ரூமுக்குப் போகும் வழியில், "அந்தப் பொம்பள நாளைக்கு எந்திரிக்காமக் கெடந்தாத் தேவல" என்றேன். அது சும்மா வாயில் வந்த பேச்சு.

"வாயக் கழுவுங்கப்பா" என்றாள் ரேணுகா.

காலையில் எழுந்திருக்காமல் கிடந்தது ஹலினாவின் கோச். வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். போட்டிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் சில்வெஸ்டர் வேர்த்துப்போய் எங்களிடம் ஓடிவந்தார். தட்ட ஆள் இல்லாவிட்டால் ஹலினாவைத் தண்ணீரில் இறங்கவே விடமாட்டார்கள். கூட வந்த மற்ற இரண்டு பேர் சக்கர நாற்காலிக்காரர்கள், டாக்டருக்குத் தட்டும் அட்டை இல்லை. அட்டை உள்ள மற்றவர்களுக்கு அவரவர் ஆள் இதே போட்டியில் நீந்துகிறார்கள். ஒரே ஆளுக்குத் தட்ட இரண்டு அட்டை வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான்.

சின்னராஜ் சார் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணா, இது உங்க வேலை இல்லீங்க. அவங்க எறங்கலீன்னா நம்ம புள்ள மூணாவது. வேலை கையில. நீங்க ஒண்ணும் கெடுதல் பண்ண வேண்டாம், சும்மா நின்னாப் போதும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சரியாகத்தான் பட்டது. முடியாது என்று சொல்லத் திரும்பினேன். ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். அவளுக்குக் காது கூர்மை.

"அப்பா, நீங்க போயி அவங்களுக்குத் தட்டுங்க. எனக்கு சார் தட்டட்டும்."

"ரேணு, வெளையாடாத கண்ணு" என்றார் சார்.

"நான் அவங்களத் தாண்டிருவேன் சார். நேத்து தூங்கவே இல்ல, அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க இல்லாட்டி நான் யாரத் தாண்டறது?"

"வேலை போயிரும் புள்ள" என்றேன்.

"போகாது. தாண்டிருவேன். போங்கப்பா."

போனேன். அவள் சொன்னதால் போனேன். சில்வெஸ்டர் கூடவே வந்து, தலையில் ஒரே தட்டு, தலையில், ஒரு தடவை என்று சொன்னார். ஹலினா கம்பின் நுனியைத் தடவிப் பார்த்தாள். சாக்கை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து என்னவோ கேட்டாள்.

"இது என்ன வாசனைங்கறாங்க."

"கொழுந்துச் சாக்கு" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அந்த முனைக்குப் போய்விட்டாள்.

கண் தெரியாதவர்கள் நீந்தும்போது கூட்டம் வாயைத் திறக்கக் கூடாது. தட்டுகிறவனும் பேசக் கூடாது. அவ்வளவு ஜனமும் மூச்சுக் காட்டாமல் இருந்தது. ஹாரன் அடித்தது, எட்டுப் பேரும் குதித்தார்கள். ரேணுகாவுக்கும் ஹலினாவுக்கும் நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். பின்னால் இவர்கள். இவர்களில் யார் முன், யார் பின் என்று நான் பார்க்கவில்லை. ஹலினாவின் வெள்ளைத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகிறவன் வேறு எதையும் பார்க்கக் கூடாது.

தொப்பி வந்தது. கம்பை நீட்டினேன். தொப்பிக்கு நேராகத்தான் நீட்டினேன். நுனி தோளில் விழுந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

சுவருக்கு ஓர் ஆள் தூரம் இருக்கும்போது கையை நிறுத்தி, தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, ஒரு வார்த்தை கேட்டாள். என்ன, என்று கேட்டிருக்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, சொல்லவும் கூடாது. இன்னொரு தடவை தட்டினேன். அதுவும் தோளில்தான். அதற்குள் சார் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. ரேணுகா தொட்டுவிட்டாள். மூன்றாவது. அப்புறம்தான் ஹலினா கையை முன்னால் நீட்டி நீட்டித் துழாவிக்கொண்டு வந்து சுவரைத் தொட்டாள்.

பிறகுதான் தெரிந்தது. பயிற்சி செய்யும்போது நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கோச் தோளில் தொடுவாராம். தலை என்றால் சுவர், தோள் என்றால் நில். போட்டியை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

"தலைலன்னு எத்தன தடவ சொன்னேனுங்க!" என்று சில்வெஸ்டர் கத்தினார்.

"கை தோளுக்குப் போயிருச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது? கங்காணி கதையை அங்கே நின்றா சொல்ல முடியும்?

சின்னராஜ் சார் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அண்ணா! நல்ல வேலை பண்ணுனீங்ணா! நான் சும்மா நிக்கச் சொன்னா நீங்க அதுக்கும் மேல போயிட்டீங்க!" சந்தோஷத்தில் அவருக்குக் குரலை அடக்கத் தெரியவில்லை. ரேணுகா இன்னும் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன வேலை?" என்று கேட்டாள்.

சில்வெஸ்டர்தான் நடந்ததைச் சொன்னார். அவள் மேலேறி வந்ததும் முதல் வார்த்தை, "திரும்ப நீந்தச் சொல்லுங்க சார்" என்பதுதான்.

"வாய மூடு ரேணு. போர்டுல உம் பேரு வந்தாச்சு."

"டாக்டர், நீங்க கேளுங்க. அவங்க புகார் குடுத்தா திரும்ப நடத்துவாங்க இல்ல?"

சில்வெஸ்டர் ஹலினாவைக் கேட்டார். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"வேண்டாமாம். திரும்ப நீந்துனா யாரு தட்டுவாங்க, மறுபடி இந்தப் பெரியவரான்னு கேக்கறாங்க."

அத்தோடு முடிந்தது. மெடல் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நானும் கம்போடு நிற்கிறேன்.

திரும்பும்போது பஸ் மைசூரைத் தாண்டியது. பந்திப்பூர் காட்டுக்குள் யானை நிற்கிறது என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து பார்த்தார்கள். அப்போது ரேணுகா கேட்டாள்.

"யாருப்பா முன்னாடி இருந்தா? அவங்களா, நானா?"

"பாக்கல."

"பாக்கலயா?"

"தொப்பியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"வேணும்னே பண்ணினீங்களா?"

"இல்ல."

"சரி" என்றாள்.

யார் எது சொன்னாலும் நான் சரி என்றுதான் சொல்வேன், நம்பமாட்டேன். அந்தச் சரி எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்தது. சொன்ன கம்பெனிக்காரன் சொன்னபடி கொடுத்துவிட்டான், அதற்கு நான் என்ன சொல்வது? கோயமுத்தூரில் ஹாஸ்டல் எடுத்துத் தங்கினாள். தெய்வம்மாவைத் திருப்பூரிலிருந்து கூட்டி வைத்துக்கொள்ள ஒரு வீடு பார்ப்பதாகச் சொன்னாள். என்னையும் வரச்சொன்னாள், வாயால். ஃபேக்டரி மிஷின்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஆனால் கட்டடம் இருக்கிறதே என்று என்னை விட்டுவைத்தார்கள். நீந்துவதை அவள் விட்டுவிட்டாள். சார் போன் செய்து செய்து அலுத்துப்போனார். ஏன் விட்டாய் என்று தெய்வம்மா கேட்டதற்கு, தண்ணீர் சலித்துவிட்டது என்றாளாம். என்னிடம் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான்.

இந்தப் பொங்கலுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம், "சில்வெஸ்டர் டாக்டர் போன் பண்ணினாருப்பா" என்றாள். "ஹலினா ஆஸ்பத்திரி வேலைக்குச் சேந்துட்டாங்களாம். ஒங்களக் கேட்டாங்களாம்."

"என்னான்னு?"

"கெழவர் நல்லா இருக்காரான்னு." பிறகு எழுந்தாள். "கம்பு இருக்கா?"

"இருக்கு."

"வாங்க, தொட்டிக்குப் போவோம்."

பனி விழும் மாசம், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும் என்றேன். கேட்கவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. அவள் துழாவிப் படியில் இறங்கினாள். இடுப்பளவு நின்று, தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னைக்குத் தலையில தட்டுங்கப்பா."

"எதுக்கு?"

"எனக்கு வேணும். தோள்ல வேண்டாம். தலையில."

பஸ்ஸிலிருந்து இறங்கியதற்குப் பிறகு அவள் என்னிடம் இது வேண்டும் என்று எதுவும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. பெங்களூரில் சொன்னபடி செய்யாமல் போனேன், இதையாவது சொன்னபடி செய்வோம் என்று நினைத்தேன். எதிர்ச் சுவருக்குப் போய் நின்றேன். அவள் வந்தாள். ஹலினா சொன்ன மாதிரி இப்போதும் துணி துவைக்கிற சத்தம்தான். கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கை தோளுக்குத்தான் போகப் பார்த்தது. பல்லைக் கடித்து இழுத்து உச்சந்தலையில் வைத்தேன். ஒரே தட்டு.

அவள் சுவரைத் தொட்டாள். தொட்டபடி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"முடியுதே" என்றாள்.

"என்னது?"

"தலையில தட்ட ஒங்களால முடியுதேப்பா."

அவள் மேலே ஏறி, துண்டால் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல் பாதையை அவளாகவே தேடி லயத்துக்கு நடந்தாள்.

ரூமில் உட்கார்ந்து, "டீ போடுங்கப்பா, குளிருது" என்றாள். அடுப்பைப் பற்ற வைத்தேன். கம்பை வெளியே கொண்டுபோய்ப் படிக்கல்லில் சாத்தி மிதித்து முறித்தேன். மூங்கில் லேசில் முறியாது. நாலு துண்டாக்கிக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். சாக்குச் சுற்றிய நுனியையும் வைத்தேன். ஈரம். பிடிக்கவில்லை. புகை ரூம் முழுக்க நிறைந்தது.

"என்னப்பா இவ்வளவு புகை?"

"ஈர வெறகு" என்றேன்.

டீயைக் கையில் கொடுத்தேன். குடித்தாள்.